ஒன்பது நிமிடம்

ஹாலிஃபாக்ஸுக்கு மேலே ஒரு நீர்த்தேக்கம்.
நடக்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்குவதில்லை;
ஆகவே அவர்கள் பைக்குள் கிடக்கும் கைபேசிகளைக் கேட்டு
அந்த மேட்டுக்கு விலை போடுகிறேன்.
வந்த தூரத்துக்குப் பெட்ரோல்,
நேரத்துக்குச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு.
ஒரு நடை நாலு பவுண்டு இருபது பென்ஸ்.
ஹெதர் பூக்கும் ஆகஸ்டில் கொஞ்சம் ஏறும்.
பெரும்புள்ளி யாரும் இல்லை, எல்லாம் ஒரே அளவு.

மேலாளர் பெயர் கேலம். என் நாக்கில் காலம்.
விதிகள் அவருடையவை:
ஆறு மணி நேரம் தாண்டினால் அங்கே வேலை பார்ப்பவர்,
பத்து நிமிடத்துக்குள் என்றால் வழிப்போக்கர்,
இருவரையும் நீக்கு.

நீக்கியதில் ஒன்று
தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு வருகிறது.
அணைச் சுவரோரம் ஒன்பது நிமிடம்.
மழையிலும். கிறிஸ்துமஸ் அன்றும்.
மெய்யெழுத்தின் புள்ளியைத் துடைத்தால்
அது மெய்யில்லை என்பதைக்
காலத்திடம் எந்த மொழியில் சொல்வது?

புள்ளியைத் தேடிப் போகக் கூடாது,
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
நவம்பரில் போனேன்.
இருட்டு. எஞ்சின் அணைக்காத டாக்ஸி.
முகப்பு விளக்கில் புல் மட்டும் பச்சை,
அதில் வெறுங்காலோடு ஓர் ஓட்டுநர்,
சாக்ஸ் இரண்டும் கோட்டுப் பையிலிருந்து தொங்க.
"இராத்திரி முழுக்க பெடல்," என்றார்
திருட்டில் பிடிபட்டவர் போல,
"பாதம் எனக்குத் திரும்ப வேணும், அதான்."
நானும் ஷூவைக் கழற்றினேன்.
குளிர் எலும்பில் ஏறியது. பேச்சில்லை.

அடுத்த மாதக் கோப்பில்
அந்த ஒன்பதுக்குப் பக்கத்தில்
புதிதாய் ஒரு நான்கு நிமிடம்.
இரண்டையும் தேர்ந்தெடுத்தேன்.
காலம் என் முதுகுக்குப் பின்னால், காபியோடு.
நீக்கினேன்.