கோடு வராத பட்டை

ஆனி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று
ஓடுகிற லாரியையே ஓரம்கட்டும்.
அன்று அது
இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை
எழுபது மீட்டர் உயரத்திலிருந்து
சுயம்புவின் வலது பூட்ஸுக்கு
ஒரு சாண் தள்ளிச் செம்மண்ணில் சொருகிவிட்டுப் போனது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததற்கும் ஒரு படிவம் உண்டு,
நாலு பக்கம்.
ஷோபா கிளாடிஸ், பாதுகாப்பு அலுவலர் என்று
கடைசிப் பக்கத்தில் என் பெயரை
முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள்.

விதிப்படி நாலு பேருக்கும் பிளாஸ்டிக் கப் கொடுத்தேன்.
காற்றாடியின் அடித்தூணுக்குப் பின்னால் போய்
ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு,
என் முகத்தைப் பார்க்காமல்.
மூன்று சொட்டு. ஐந்து நிமிடம்.

இந்தப் பட்டையின் கணக்கு தலைகீழ்.
கோடு விழுந்தால் சுத்தம்,
விழாவிட்டால்தான் குற்றம்.
வராத சாட்சியை நம்பி
ஜீப்பின் பானட் மேல் ஒரு விசாரணை.

மூன்று பேருக்குக் கோடு வந்தது.
ரெஜினுக்கு வரவில்லை.

"அக்கா, பத்தொம்பது நாளாச்சு.
மணவாளக்குறிச்சில கூட்டுக்காரனுக்க கல்யாணம்,
கடப்புறத்துல வச்சு ரெண்டு இழுப்பு.
இன்னைக்கு நான் கீழல்லா நின்னேன்,
கயிறு பிடிச்சிட்டு?"

கீழேதான் நின்றான்.
ஸ்பேனர் நழுவியது ஆன்றோவின் கையிலிருந்து.
ஆன்றோவின் பட்டையில் கோடு
ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக.

கிரேன் ஓட்டுகிற பன்வாரிக்குச் சிரிப்பு.
அவன் ஊரில் பாங்குக் கடையை
அரசாங்கமே ஏலம் விடுமாம்.
டொராண்டோவில் கிட்டங்கி வேலை பார்க்கும் என் தம்பி
இரவு போனில் சொன்னான்:
"இங்க கடையில ரசீது போட்டே தருவான்.
ஆனா ஃபோர்க்லிஃப்ட் சாவி தரும்போது
சூப்பர்வைசர் நம்ம கண்ணை ஒரு நிமிசம் பாப்பான்.
அதுல என்ன தெரியும்னு
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நாளைக்கு இங்கேயும் ரசீது போடட்டும், போடாமல் போகட்டும்.
எழுபது மீட்டர்
எந்தச் சட்டத்திலும் எழுபது மீட்டர்தான்.

சுயம்பு வந்து நின்றார். விரல் இன்னும் நடுங்கியது.
"ரெஜின் நல்ல பயதான் மேடம்.
ஆனா நாளைக்கு எனக்க கயிறு அவன் கையில வேண்டாம்."
ஆன்றோ கையில் என்றால் பரவாயில்லையா, கேட்டேன்.
"அவனுக்குத்தான் கோடு வந்தாச்சே."
இதைச் சொன்னவர் வாயில்
கொய்யா இலை மென்ற வாசம்.
அவர் முந்தின இரவு குடித்தது
உரிமம் உள்ள கடையில்.
அதற்கு ஊதச் சொல்லும் கருவி
மார்ச்சிலிருந்து ரிப்பேரில் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: அடிப்படைக் காரணம்.
அதை நிரப்புவதற்காக ஷிஃப்ட் அட்டவணையைப் புரட்டினேன்.
ஆன்றோ: ஞாயிறு இரவு.
ஆன்றோ: திங்கள் பகல்.
ஆன்றோ: திங்கள் இரவு, காற்றுக்காலம், ஆள் குறைவு.
செவ்வாய் காலை பத்தேகாலுக்கு ஸ்பேனர்.
ஒவ்வொரு வரிக்கும் எதிரே
அனுமதித்தவர் என்று ஒரு சுருக்கெழுத்து.
ஷோ. கி.
பச்சை மையில். என் பேனாதான்.

உறக்கத்துக்குப் பட்டை கிடையாது.
எதில் மூன்று சொட்டு எடுப்பது?
இமையிலிருந்தா?

நாகர்கோவில் ஆபீஸ் என் படிவத்துக்குக் காத்திருக்கவில்லை.
ரெஜின் இடைநீக்கம், ஒரு வரி மெயில்.
அவன் ஹெல்மெட்டைத் துடைத்து
என் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு
தோவாளை பஸ்ஸுக்கு நடந்தான்.
அவன் புகைத்தது சரி என்று நான் எங்கும் எழுதவில்லை.
தப்பு எது என்கிற கட்டமும் காலியாக இருக்கிறது.

மறுநாள் ஆறு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் ஜீப் வந்தது.
முன் சீட்டில் ஆன்றோ,
கண்ணாடியில் நெற்றி சாய்த்து, வாய் திறந்து.
டிரைவர் ஹார்ன் அடிக்கக் கையை எடுத்தார்.
வேண்டாம் என்றேன்.

மேலே மூன்று இறக்கைகளும்
யாரும் ஏறாமலே சுற்றிக்கொண்டிருந்தன.