உபயம்

ஏப்ரலில் பனிப்பாதையை மூடிவிடுவார்கள்.
எனக்கல்ல என்று நினைத்தேன்.
உயிர்ப்பு ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள்.
சறுக்குவண்டியில் இருநூற்று நாற்பது கிலோ வெண்கலம்,
விளிம்பைச் சுற்றி என் பெயர்:
உபயம், யெவ்ஸெய் திமொஃபேயெவிச்.
இறைவனின் பெயர் உள்பக்கம்,
நாக்கு அடிக்கும் இடத்தில்.
மாற்றிப் போடட்டுமா என்று வார்ப்படக்காரன் கேட்டான்.
வேண்டாம் என்றேன்.

பைகால் ஏரியின் மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம்:
இடுப்புவாரைப் போடக்கூடாது,
கதவை முழுக்கச் சாத்தக்கூடாது.
பனி வாய் திறந்தால் குதிக்க வேண்டும்.
பதினேழு குளிர்காலம் அப்படித்தான் ஓட்டினேன்,
வண்டியின் கதவை மட்டும் திறந்துவைத்து.

கரையில் மீன் விற்பவள் கை நீட்டி நிறுத்தினாள்.
"நிறம் மாறிவிட்டது, பார்."
பார்த்தேன். வெள்ளை.
நேற்றும் வெள்ளைதான்.
அவள் சாம்பல் என்றாள், தேன்கூடு என்றாள்,
அடியிலிருந்து தண்ணீர் தின்கிறது என்றாள்.
வண்ணத்துணி சுற்றிய கம்பத்துக்குப் பால் தெளிக்கிறவள்,
அவளிடமா நான் கேட்டுக்கொள்வது?
ஒன்பது வருடமாக அவளிடம் ஓமுல் மீன் வாங்குகிறேன்,
அந்தக் கம்பம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.
ஒரு நாளில் எத்தனை முறை மண்டியிட்டேன் என்று
நோட்டில் குறித்துவைக்கிறவன் நான்.
கோடு நான்கு, குறுக்கே ஒன்று.
கோடு நான்கு, குறுக்கே ஒன்று.

தீவுக்குப் பாதி வழியில்
பின்னால் யாரோ பெருமூச்சு விட்டாற்போல இருந்தது.
அவ்வளவுதான் சத்தம்.
கொக்கி தெறித்தது.
குளத்தில் எருமை இறங்குவது போல, அவசரமில்லாமல்,
சறுக்குவண்டி பின்பக்கமாய் இறங்கிக்கொண்டிருந்தது.
குதித்தேன். கயிற்றைப் பிடித்தேன்.
மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினேன்.

ஏழு வருடச் சேமிப்பு என்னை இழுத்தது.
முழங்கால் வரை தண்ணீர், பிறகு இடுப்பு.
ஜெபிக்க வாய் திறந்தேன்,
மணி, என் மணி என்றுதான் வந்தது.

பலகையைத் தள்ளிக்கொண்டு
வயிற்றால் ஊர்ந்து வந்தாள் அவள்.
"கையைத் திற."
மணி, என்றேன்.
"கை."
ஏழு வருடம், என்றேன்.
வலைக்குழியில் பனி அள்ளும் இரும்புக் கரண்டியால்
விரல் முட்டியில் ஓங்கிப் போட்டாள்.

விட்டேனா, விட்டுப்போனதா, இன்றும் தெரியாது.
போகும்போது கயிறு
கொஞ்சம் தோலையும் எடுத்துக்கொண்டது.

பலகைமேல் குப்புறக் கிடந்து பார்த்தேன்.
அந்தத் தண்ணீர் அவ்வளவு தெளிவு.
மணி இறங்கிக்கொண்டே இருந்தது.
என் பெயரைப் படிக்க முடிந்தது,
பிறகு எழுத்து என்று மட்டும் தெரிந்தது,
பிறகு ஒரு மஞ்சள் பொட்டு,
பிறகு, கண்ணின் மணி அளவுக்கு ஒரு கறுப்பு.
அதுவும் போன பின்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினால் பனி.
வெள்ளையே இல்லை.
சாம்பல், பாசிப்பச்சை, திரிந்த பாலின் நீலம்,
விளிம்பெல்லாம் தேன்கூடு,
அவள் சொன்னபடியே.
அவள் சட்டையில் காய்ந்த மீன்செதில்கள்.
அவள் இடது கையில் சுண்டுவிரல் இல்லை.
ஒன்பது வருடமாக
அந்தக் கையிலிருந்துதான் சில்லறை வாங்கியிருக்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறன்று
தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு
சுத்தியலால் அடித்தார்கள்.
கேட்டது.
மீன்பிடிக் குடில்கள் வரை கேட்டதாம்.

தெளிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
சொன்னால் அதுவும் ஓர் உபயப் பலகை.
நோட்டு இன்னும் இருக்கிறது;
சில இரவுகளில் விரல் அதைத் தேடுகிறது.

செவ்வாய்க்கிழமை மீன் வாங்கப் போனேன்.
பெயர் என்ன என்று கேட்டேன்.
"ஹண்டமா" என்றாள், செதில் சுரண்டியபடியே.
சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.
இன்னொரு முறை சொன்னாள்.
விலையைக் குறைக்கவில்லை.