நீலச் சுவர்

சோஹாரில் இரவு பதினொன்று.
ஒப்பந்தக்காரர் அனுப்பிய பதினெட்டுத் தொழிலாளர் முகாம்கள்
என் திரையில் வரிசையாக நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் ஆறு கட்டில், ஒரு ஏசி,
ஜன்னலில் துவைத்த துண்டு,
ஓரமாய் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு ஆள்.

ஒன்றில் சுவர் பச்சை. ஒன்றில் நீலம்.
ஒன்றில் கடைசிக் கட்டில் பாதியோடு நின்றுவிட்டது.
ஒன்றில் ஆள் இடப்பக்கம் போய்விட்டார்,
தேதி மட்டும் மஞ்சளாய், நேராய்.

கண் நம்பிவிடும்.
அதனால் நிரலிடம் கொடுத்தேன்.
அது முதலில் சாயத்தை வடிக்கும்.
பிறகு சுண்டக் காய்ச்சும்,
அறை முழுவதும் ஒரு சதுரங்கப் பலகை ஆகும்வரை.
கட்டம் கட்டமாய் ஒரே கேள்வி:
நீ சராசரியைவிட வெளிச்சமா, இருட்டா?
இருட்டு, இருட்டு, வெளிச்சம், இருட்டு...
அறுபத்து நான்கு பதில்கள்.
படத்துக்கு அதுதான் கைரேகை.

சுவருக்கு வேறு வண்ணம் அடித்தாலும் ரேகை அசையாது.
ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கினால் நாலைந்து பதில் புரளும்.
இடவலம் திருப்பினால்தான் ஏமாறும்;
அதற்காகக் கண்ணாடியில் காட்டியும் ஒரு ரேகை எடுத்துவைப்பேன்.

ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் மூன்று.
ஏழுக்கும் பதினைந்துக்கும் இரண்டு.
டீ ஆறுவதற்குள்
பதினெட்டு முகாம்களும் ஒரே அறைக்குள் வந்து படுத்துக்கொண்டன.
அதே துண்டு,
பதினெட்டுத் தேதிகளிலும் காயாமல்.

காலையில் ஆளைத் தேடிப் போனேன்.
இருதயராஜ், கொத்தனார், பேட்ஜ் 4471.
வருகை எந்திரத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார்.
மீண்டும் வை, என்றது.
சட்டையில் துடைத்து வைத்தார்.
மீண்டும் வை.
சிமென்ட் தின்ற விரல், கூழாங்கல் மாதிரி.
பின்னால் வரிசை வெயிலில் நீண்டது.
காவலாள் சலித்துப்போய்
நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

படத்தைக் காட்டினேன்.
"மேனேஜர் ரூம் மேடம்.
வந்து உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன்.
பத்து நிமிஷம், நல்ல ஏசி.
துண்டுகூட அவரோடதுதான்."

இவர் தூங்குகிற அறையில் பதினான்கு பேர்.
அதன் படம் எவரிடமும் இல்லை; நான் எடுத்தேன்.
அறிக்கையில் எழுதினேன்: படம் பதினெட்டு, அறை ஒன்று.

கிளம்பும்போது ஓடி வந்தார்.
"அந்தப் போட்டோ ஒண்ணு அனுப்புவீங்களா?
நல்லா விழுந்திருக்கேன். வீட்ல காட்டணும்."

பதினெட்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்,
துணிக்கடையில் நிற்பவர் போல.
மெய்யான சுவர் வெறும் பழுப்பு.
அவர் நீலத்தைத் தொட்டார்.