நே என்றால் ஆமாம்

புத்தகமும் இல்லை, வகுப்பும் இல்லை.
நிக்கோசியாவிலிருந்து பிலோமினா
கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்த பிறகு
வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குரல்தான்,
நாற்பது நொடி, ஐம்பது நொடி.
குழாய் சொட்டுவதும் கேட்கும்.
அங்கே பத்தரை, இங்கே ஒரு மணி.
எங்கள் காம்பராவுக்குள் சிக்னல் வராது.
காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில்
தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒரு வளைவு.
அங்கே நின்று இறக்கிக்கொள்வேன்.
நாள் முழுக்க மலையில் மெல்ல அது போதும்.

"மொதல்ல காமா. க மாதிரி, ஆனா க இல்ல.
தொண்டையில உரசணும்" என்றாள்.
உரசினேன். இருமல்தான் வந்தது.
மறுநாள்: "ஒன் பேரச் சொல்லிப் பாரு."
சகாயமேரி.
"நடுவுல நிக்குதே ஒரு க, அதேதான்டி."
முப்பத்திரண்டு வருசமாய்
ஒரு கிரேக்க எழுத்தைப் பேருக்குள் வைத்துக்கொண்டா
கொழுந்து பறித்தேன்!
செக்ரோலில் அந்தப் பேரைப்
பிழையில்லாமல் எழுதிய கிளாக்கர் இன்னும் பிறக்கவில்லை.

தெல்தா, அது இது எது என்னும்போது வருகிற த.
ஹி, பனியில் விறைத்த விரலை ஊதுகிற மூச்சு.
தீதாவில்தான் மாட்டிக்கொண்டேன்.
பல்லுக்கு நடுவே நாக்கை வைத்துக் காற்றை விடவேண்டும்.
ஆறாம் நம்பர் மலையில் நிரைபிடித்து
ஒரு கை கொழுந்துக்கு ஒரு தீதா விட்டுக்கொண்டிருந்தேன்.
கீழ் நிரையிலிருந்து கங்காணி:
"யாருக்குடி அழகு காட்டுற?"

பஸ்ஸுக்கு வருகிற ப அவர்களிடம் தனி எழுத்தாய் இல்லையாம்,
ம்-ஐயும் ப்-ஐயும் ஒட்டவைத்துச் சமாளிக்கிறார்களாம்.
அவளுக்கு அது பெரிய அதிசயம்.
எனக்கென்ன அதிசயம்,
கம்பு, தும்பு, தம்பி.
மூக்கெழுத்துப் பக்கத்தில் வந்து நின்றால்
எங்கள் ப-வும் குரலை மாற்றிக்கொள்ளும்.
ஈ-யை மட்டும் ஆறு விதமாய் எழுதுகிறார்கள்.
எதற்கு ஆறு என்று கேட்டேன்.
"ஒனக்கெதுக்கு மூணு ல?" என்று பதில் வந்தது.

பிறகு, நே.
நே என்றால் ஆமாம்.
அதை நம்ப எனக்கு ஒரு கிழமை ஆனது.
பொகவந்தலாவை டவுனில்
வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து அதைச் சொன்னால்
சிங்களத்தில் இல்லை.
மருந்து கொடுக்கிற ஜன்னலில் நே.
காணிப் பத்திரம் கேட்ட கந்தோரில் நே.
தபால் ஐயாவிடம், ஏதாவது வந்திருக்கா? நே.
அந்தச் சொல் காதில் விழுந்ததும்
திரும்பி நடந்து பழகிய கால்.
இனி அதே சொல்லை
யாரோ ஒரு சீமாட்டி முன்னால் நின்று
தலையை ஆட்டிச் சொல்லவேண்டும்.
சோறாக்கவா? நே. ஞாயிற்றுக்கிழமையும் வருவாயா?
நே.

நேற்று வந்தது அழுத்தம்.
தமிழில் நாம் எல்லா அசையையும்
ஒரே படங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறோம்.
அவர்கள் ஒன்றில் மட்டும் ஏறி மிதிக்கிறார்கள்.
போத்தெ, முதலில் மிதித்தால்
எப்போது.
பொத்தே, பின்னால் மிதித்தால்
ஒருபோதும் இல்லை.
"பாத்துச் சொல்லு, மேரி.
நான் ஒரு தடவ மாத்திச் சொல்லிட்டு
ராத்திரி முழுக்க அழுதேன்."

ஹட்டன் ஏஜென்சியிலிருந்து தாள் வந்துவிட்டது.
கம்பளிக்குள்ளிருந்து ரொஷாந்த் கேட்டான்,
அம்மா, எப்ப வருவீங்கன்னு
அந்தப் பாசையில எப்பிடிக் கேக்குறது?
சொல்லிக்கொடுத்தேன்.
பொத்தே? என்றான்.
இல்லடா, முன்னால மிதி.
பொத்தே?
முன்னால, முன்னால.
அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது.
சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்ப,
பொத்தே, பொத்தே.

மேலே தகரத்தில்
மழை ஓர் அசையையும் விடாமல்
மிதித்துக்கொண்டிருந்தது.