எலிப்பொறிக் கட்டு

எனக்குப் பகலில்தான் ராத்திரி.
கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்.
கடைசி லாரிக்குச் சீட்டெழுதிவிட்டு
எர்ணாவூர் வந்து படுத்தால்
பன்னிரண்டு மணிவரை சுவர் சும்மா இருக்கும்.
அப்புறம் மெல்ல
மேற்குப் பக்கம் விழித்துக்கொள்ளும்.
மூன்று மணிக்குக் கைவைத்தால்
காய்ச்சல் குழந்தையின் முதுகு.
பதினோரு வருஷம் வாடகை கொடுத்தது
அந்த முதுகோடு ஒட்டிப் படுக்கத்தான்.

இப்போது சொந்தமாய்
அரை கிரவுண்டுக்கும் குறைவு.
லோனில் இரண்டு தவணை வந்துவிட்டது.
மேஸ்திரி தேசிங்கு கேட்கிறார்:
"சுவத்துக்கு இன்னா போடட்டும், சொல்லிடும்மா."

மாதவரம் கடையில் நவ்ஷத் என்ற பையன்
துண்டு துண்டாய் மேசையில் பரப்பினான்.
வெள்ளைக் கல், ரொட்டி மாதிரி லேசு.
பெருமையாக வாளியில் போட்டான், மிதந்தது.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
வெள்ளம் வந்த வருஷம் எங்கள் தெருவில்
மிதந்த எதுவும் திரும்பி வரவில்லை.
தெர்மாகோல் பலகை. நகம் பட்டால் கீச்சென்றது.
கல்லை உருக்கி நூற்ற கம்பளி.
கல்லிலா கம்பளி என்று தொட்டேன்,
வீடு வரும்வரை விரல் அரித்தது.
விலை சொல்லும்போது அவன்
என் முகத்தைப் பார்க்காமல்
கால்குலேட்டரைப் பார்த்தான். நல்ல பையன்.

சாம்பல் கல்லும் காட்டினான்.
அதை எனக்கு அறிமுகம் செய்யவேண்டுமா?
துணிக்கொடியில், மீன்குழம்பில்,
பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில்
இத்தனை காலம் இலவசமாய் வந்தது.
கல்லாகி வந்தால் ஒன்பது ரூபாயாம்.

"அந்தப் பணத்துல ஏசி மாட்டிக்கலாம்" என்றார் எத்திராஜ்.
பகலில் தூங்குவது அவரில்லை.

தேசிங்குதான் பீடியை அணைத்துவிட்டு
மணலில் விரலால் வரைந்தார்.
சாம்பல் கல்லையே படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து
நடுவில் மூன்று அங்குலம் சும்மா விடுவது.
கல்லும் மிச்சம். சூடும் தாண்டாது.
எலிப்பொறிக் கட்டு என்று பேர்.
"பொறியிலயா குடியிருக்கிறது?" எத்திராஜ் சிரித்தார்.
"நடுவுல இன்னா ரொப்புவீங்க?"
"ஒண்ணியும் இல்ல. காத்துதான்.
அது உங்க ஊர்து. துட்டு வேணாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எந்தக் காற்று?
விடிகாலை மணலிப் பக்கமிருந்து வந்து
தொண்டையில் தகரம் தேய்க்குமே, அதுவா?
ஈரத்துணியை மூக்கில் கட்டி
நடுராத்திரி தெருவோடு ஓடினோமே, அதுவா?
வரிசையில் நிற்கும் லாரிகளின் டீசலா?
உள்ளே வைத்துப் பூசிவிட்டால்
எங்கே போகும் அது?
நான் தலைவைக்கும் பக்கத்திலேயே
லோன் முடியும்வரை இருபது வருஷம்
கூடவே குடியிருக்கும்.

மேற்குச் சுவரை மட்டும்
கடல்காற்று இறங்கினபிறகு கட்டுங்கள் என்றேன்.
காலையில் மற்ற வேலை பாருங்கள்.
"இன்னாம்மா, முகூர்த்தமா?"
ஆமாம்.

அளக்க வந்த பேங்க் இன்ஜினியர் சொன்னார்:
அடைபட்ட காற்று அடைபட்ட காற்றுதான் மேடம்,
அதற்கு ஊர் கிடையாது.
அவர் வீடு அண்ணா நகரில்.

தூக்கத்தை விட்டுவிட்டுக்
குடையோடு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு குழியையும் மூடுமுன் எட்டிப்பார்த்தேன்.
இருட்டு. ஈரச் சிமெண்ட். கொஞ்சம் உப்பு.

நாலாம் நாள் காற்று வரவில்லை.
இரண்டு மணி. மூன்று.
கலவை காய்கிறதென்று
சித்தாள் அமலோற்பவம் தண்ணீர் தெளித்தாள்,
மறுபடி தெளித்தாள், என்னைப் பார்த்தாள்.
கூலி ஓடிக்கொண்டிருந்தது.
போதும், கட்டிவிடுங்கள் என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
தேசிங்கு கரணையைத் துடைத்து
மூட்டைமேல் வைத்துவிட்டு
இன்னொரு பீடி பற்றவைத்தார்.
புகை நேராக ஏறியது.

மூன்றே முக்காலுக்கு
கம்பத்தில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் கவர்
தலையைத் திருப்பியது.
அவர்தான் முதலில் பார்த்தார்.
பீடியைத் தூர எறிந்தார்.
"வந்துடுச்சும்மா" என்று
அடுத்த கல்லை நிறுத்தினார்.