பீப்பாய்க் கணக்கு

தை மாதம் செஞ்சட்டைக்காரன் வந்தான்.
வாடை ஓயவில்லை.
ஒல்லாந்தன் கொடி இறங்கி முடியுமுன்னே கேட்டான்:
குடிதண்ணீர் எங்கே?

கடல் கடந்து வருகிற எவனும் அதைத்தான் முதலில் கேட்பான்.
நாக்கு நனைந்த பிறகுதான்
நாடு.

நான் கந்தப்பொடி.
கிண்ணியா உதுமாலெவ்வையின் வத்தையில்
துடுப்பும் நானே, கணக்கும் நானே.
பீப்பாய் ஒன்றுக்குக் கரியால் ஒரு கோடு,
பத்துக் கோட்டுக்கு ஒரு மீன்.
மீன் ஏனென்றால்
கோட்டை வாசற்கல்லில் ஒரு மீன் உண்டு.
கோயிலை இடித்த பறங்கி
அதைக் கொத்தி எடுக்க மறந்துபோனான்.

செஞ்சட்டைக்கு நாற்பது மீன்.
காசு தரவில்லை, சீட்டுத் தந்தான்.

ஆவணியில் பிராஞ்சுக்காரன்.
ஐந்து நாள் பீரங்கி.
புகை அடங்கியதும் சீட்டை நீட்டினேன்.
தலைகீழாகப் பிடித்து வாசித்தான், சிரித்தான்,
ஏதோ கேட்டான்.
"குடிதண்ணி எங்கேன்னு கேக்குறாரு"
என்றான் அவனுடைய சிப்பாய்.
கூடலூரான், பெயர் அரியபுத்திரன்.

தோற்றுக் கைதூக்கி நின்றவர்களிலும்
பாதிப்பேர் எங்கள் பேச்சுத்தான்.
"அண்ணே, உப்பு இருக்கா?"
தோற்றவன் ஒருவன் வென்றவனிடம் கேட்டான்.
வென்றவன் மடியை அவிழ்த்தான்.

பீப்பாய் நிரம்பும்வரை பொழுது போகவேண்டுமே.
இது ஆருடைய சண்டை என்றேன்.
அரியபுத்திரன் காதைச் சொறிந்தான்.
"மேற்கே, எல்லாக் கடலுக்கும் அப்பாலே ஒரு கரை இருக்குதாம்.
அந்தச் சனங்க இங்கிலீசு ராசாவுக்கு
வரி கட்டமாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்.
இவங்க அவங்க பக்கம்.
விடுதலைச் சண்டையாம்."
"என்னத்துக்கு வரி?"
"ஏதோ இலைக்கு. வெந்நீரிலே போட்டுக் குடிக்கிற இலை."
"வெற்றிலையோ?"
"வெந்நீருங்கிறேன்."

வத்தையே சிரித்தது.
எங்கள் மலைகளில்
அப்படி ஒரு இலை இல்லை என்றேன்.

விடுதலை என்ற சொல் பீப்பாய்க்குள் விழுந்து
கொஞ்ச நேரம் மிதந்தது.
பிறகு மூடியை வைத்து அடித்து இறுக்கினோம்.

கச்சான் பலத்த அன்று
கப்பல்கள் வெளியே போயின.
ஆள் போதாதென்று அரியபுத்திரனையும் ஏற்றியிருந்தார்கள்.
கோணமலை உச்சியில் நின்று பார்த்தோம்.
பாய்கள் நகத்தளவு, பிறகு அதுவுமில்லை.
ஆரோ தூரத்தில் உரலிடிப்பதுபோல் ஒரு சத்தம்.
அந்தி கருத்ததும்
அடிவானத்தில் வெளிச்சம் வெட்டியது.
எண்ணினேன், பழக்கதோஷம்.
தொண்ணூறு எண்ணியபின் சத்தம் வந்தது.
மறுபடியும் தொண்ணூறு.
எங்கள் காதுக்கு அது வருமுன்னே
அங்கே செத்து முடிந்திருப்பார்கள்.

ஆர் வென்றதென்று
திரும்பி வந்தவர்களுக்கே தெரியவில்லை.
நாலாம் நாள் விடியற்கருக்கலில்
சண்டையில் தப்பிய பெருங்கப்பல் ஒன்று
பாரில் ஏறி உடைந்தது.
சுற்றிலும் ஒரு எதிரி இல்லை.

கூடலூரான் எதில் இருந்தான்?
கையால், முகத்தால் கேட்டுப் பார்த்தேன்.
பிராஞ்சுக்காரன் வெறும் பீப்பாயைக் காலால் உருட்டினான்.
"தண்ணி" என்றான்.
சொல்லிக் கொடுக்க ஆளில்லாமலே
அந்த ஒரு சொல்லைப் பழகியிருந்தான்.

பாய்மரத் துண்டொன்று சாம்பல்தீவில் ஒதுங்கியது.
பதினாறு பேர் இழுத்து வந்து
கிணற்றுக்குத் துலா வைத்தோம்.
நடுவில் ஒரு இரும்புக் குண்டு புதைந்திருக்கிறது,
தோண்ட வரவில்லை, விட்டுவிட்டோம்.
துலா நல்ல துலா.
கிணறுதான் அந்த வருசம் கரிக்கத் தொடங்கியது.
அவ்வளவு அள்ளியிருந்தோம்.

பிறகு கேள்விப்பட்டது:
எங்கோ ஒரு மேசையில் கையெழுத்து வைத்தார்களாம்.
அந்தக் கரைக்கு விடுதலையாம்.
எங்களை ஒல்லாந்தனிடமே திருப்பிக் கொடுத்தாயிற்றாம்,
இரவல் வாங்கிய உலக்கையைப்போல.

உதுமாலெவ்வை பலகையை எடுத்து வரச் சொன்னான்.
செஞ்சட்டை நாற்பது.
வெள்ளைச்சட்டை அறுபத்தொன்று.
"ஆரிட்டக் கேக்கிறது?" என்றான்.

அந்தக் கரைக்காரர் ஆரேனும்
எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள்:
நூற்றொரு மீன்.
இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.
சீட்டு இருக்கிறது.