உப்புக்கொத்தி

தெலுக் ஆயர் தாவார் என்றால்
நன்னீர்க் குடா என்று பொருள்.
உப்பில்லாதது இங்கே
ஊரின் பெயர் ஒன்றுதான்.

லோரோங் ஏழின் கடைசியில் தார்ச்சாலை முடிகிறது.
அதற்கப்பால் இறால் முதலாளி விட்டுப்போன குளங்கள்,
பதினொன்று.
மதகு உடைந்ததில் கடல்
நாளைக்கு இரண்டு முறை வந்து
கணக்குப் பார்த்துவிட்டுப் போகிறது.
காய்ந்த வரப்பில் உப்பு வெள்ளை கட்டியிருக்கும்.
மேல்காற்றானால் நாற்றம்
மூன்றாம் வரிசை வரை.

நான் வீட்டு விலை மதிப்பிடுகிறவன்.
அளவு நாடா, ஈரமானி, கேமரா,
கழுத்தில் பட்டர்வொர்த் அலுவலகத்தின் நீல அட்டை.
இந்த வரிசையில் எனக்கு நல்ல பெயர் இல்லை.
போன தடவை ஊய் வீட்டில்
சுவருக்குப் புதுச்சாயம், வாசலில் ஊதுவத்தி,
ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு
காற்று நல்லா வரும் என்றார்கள்.
ரொஸ்லி, பறவைகளை விரட்ட
வெடி போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தார்.
எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்:
கொஞ்சம் ஏத்திப் போடுங்க.

இருபத்திரண்டாம் எண்ணில்
தேவகுஞ்சரி கதவைத் திறந்தார்.
ஜன்னலெல்லாம் திறந்தே கிடந்தன.
கூடத்தில் ஒரு நாற்காலி.
இன்னொன்று இருந்த இடத்தில்
நான்கு வட்டத் தடம்.

"இங்க பாருங்க."
குளியலறைச் சுவரில் உப்பு பூத்திருந்தது.
விரலால் சுரண்டினார், மாவாய் உதிர்ந்தது.
"படம் எடுங்க. இந்த விரிசலையும்.
கிரில்லுல துரு. அலமாரிக்குப் பின்னால இன்னும் மோசம்,
நகத்தட்டா?"
ஈரமானி கீச்சிட்டபோது
அவர் முகத்தில்
பரீட்சையில் தேறிய பிள்ளையின் வெட்கம்.

எனக்கு விளங்கவில்லை என்பது விளங்கி
தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.
வீட்டில் பாதி, பிரிந்துபோன கணவர் பெயரில்.
மதிப்பில் பாதியை அவருக்குக் கொடுத்தால்
வீடு இவருக்கு என்று தீர்ப்பாகிவிட்டது.
இல்லையென்றால் ஏலம்.
மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம்,
சேமநிதியில் மிச்சம் இவ்வளவு, வங்கி தருவது இவ்வளவு,
இரண்டும் சேர்ந்து எங்கே முடிகிறதோ
அந்த எண்ணை மட்டும் சொல்லவில்லை.
"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க."

வாங்கியபோது இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி.
பக்கத்து வீடு போன மாதம் போனது
ஒரு லட்சத்து எழுபதுக்கு.
ஒவ்வொரு ஆயிரம் சரியும்போதும்
இந்த வரிசையில் ஒருத்தி மட்டும்
வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறாள்.

பின்கதவு வழியே வரப்புக்குக் கூட்டிப்போனார்.
கடல் ஏறும் நேரம்.
சேற்றுத் திட்டு சுருங்கச் சுருங்க
பறவைகள் நெருங்கி நின்றன,
தாமதமான பேருந்துக்கு நிற்கிறவர்கள்போல்
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.
அலகு வளைந்தது கோட்டான்.
சிவந்த காலோடு பவளக்காலி.
இடையில் ஓடி நின்று, ஓடி நின்று,
பொடிப்பொடியாய்
"அதுக்குப் பேரு உப்புக்கொத்தி" என்றார்.
"கொத்துறது என்னமோ புழுவத்தான்.
உப்பு கொத்துறது என் சுவத்த."

எது அசைந்ததோ,
மொத்தமும் எழுந்தது.
ஒரு திருப்பத்தில் வெள்ளை.
மறு திருப்பத்தில் வானம் மட்டும்.
மறுபடி வெள்ளை.
கேமரா கையில்தான் இருந்தது.

அலுவலகப் படிவத்தில்
பாதகங்கள் என்றொரு கட்டம்.
எழுதினேன்: உப்பு, ஈரம், துரு, நாற்றம்.
எதையும் கூட்டவில்லை, எதையும் விடவுமில்லை.
ஒப்பிட மூன்று வீடு,
மூன்றும் சரிந்தவை.

அதற்கடுத்த கட்டம்:
சாதகமான காட்சி, உண்டு அல்லது இல்லை.
உண்டு என்றால் ஐந்து விழுக்காடு ஏறும்.
பேனா அங்கேயே நின்றது,
ஒற்றைக்காலில்.

இல்லை என்று குறித்தேன்.
பதினேழு வருஷ வேலையில்
நான் எழுதிய ஒரே பொய்.
அதுவும் பறவைகளுக்கு எதிராக.